மெஷின் மக்கர் செய்தாலும் போட்டி நிற்காது: ஃபைட்டிங் கேம் நடத்துவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரியான ஃபைட்டிங் கேம்களுக்கு இன்று உலகத்திலேயே பெரிய மேடை 'ஈவோ'. லாஸ் வேகாஸில் ஆயிரக்கணக்கானோர் கூடும் அந்தப் போட்டி 1996-ல் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் வேறொரு பெயரில், 40 பேரை வைத்துத் தொடங்கியது. அந்த அளவில் நடக்கும் போட்டிகளில் மெஷின் எதுவும் பெரும்பாலும் நடத்துபவருடையதாக இருக்காது. ஆட வருகிறவர்கள் வீட்டிலிருந்து தூக்கி வருவதுதான். ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போகத்தான் செய்யும். எது போனாலும் வந்தவர் அத்தனை பேருக்கும் நியாயமான ஆட்டம் கிடைக்க வேண்டும் என்பதை முன்னால் வைத்து இந்தக் குறிப்புகளைத் தருகிறேன். மொட்டை மாடியிலோ கல்லூரி ஹாலிலோ பதினாறு பேரைக் கூட்டி ஒரு நாள் நடத்திப் பார்க்க நினைப்பவர்களுக்காக இவை.

1. தேதியை அறிவிக்கும் முன் மெஷின்களை எண்ணிவிடுங்கள். கன்சோல், டிவி அல்லது மானிட்டர், இரண்டு கன்ட்ரோலர், கேம், வயர்கள் எல்லாம் ஒரே மேஜையில் சேர்ந்தால்தான் ஒரு செட்டப். நான்கு பேர் கன்சோல் கொண்டு வருகிறார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, அன்று காலையில் டிவி இரண்டுதான் என்று தெரியவந்தால் என்ன செய்வது? யார் எதைக் கொண்டு வருகிறார் என்று நோட்டில் பெயரோடு எழுதுங்கள். முந்தின நாள் மாலை ஒவ்வொருவருக்கும் போன் போட்டு உறுதிப்படுத்துங்கள். செட்டப் தருபவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டாம். டிவியை ஏற்றி வரும் ஆட்டோ செலவையும் நீங்கள் கொடுத்துவிடுவதுதான் முறை.

2. கையில் இருக்கும் செட்டப்பில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்கிற டபுள் எலிமினேஷன்தான் இந்த கேம்களில் வழக்கம். ஆட்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி இரண்டைக் கழித்தால் மொத்தம் எத்தனை செட் என்று வரும். 16 பேர் என்றால் 30. அதுவரை தோற்காதவர் இறுதி ஆட்டத்தில் தோற்றால் இன்னொன்று சேர்ந்து 31. மூன்று கேமில் இரண்டு ஜெயிக்க வேண்டிய செட்டுக்கு, உட்கார்ந்து பட்டன் சரிபார்ப்பதையும் சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். மூன்று செட்டப் ஓடினால் 100 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கணக்கு சொல்லும். ஆனால் கடைசிச் சுற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஆட முடியும், அங்கே செட்டப் சும்மா கிடக்கும். அதனால் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஒரு செட்டப் படுத்துவிட்டால் மூன்றரை. ஹாலை நாலு மணி நேரத்துக்குக் குறைத்துப் பேசாதீர்கள்.

3. கேமையும் அதன் அப்டேட்டையும் முந்தின நாளே வீட்டு வைஃபையில் இறக்கிவிடச் சொல்லுங்கள். டெக்கன் 8 கிட்டத்தட்ட 100 ஜிபி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சுமார் 60 ஜிபி. போட்டி நடக்கும் இடத்தில் ஒருவருடைய மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இதை இறக்க முடியாது. எல்லாக் கன்சோலிலும் ஒரே வெர்ஷன் இருப்பது மிக முக்கியம். ஒரு அப்டேட்டில் ஒரு அடியின் வேகம் மாறியிருந்தால், அடுத்தடுத்த மேஜையில் இருவர் இரண்டு வேறு விதிகளில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

4. இது பலருக்குத் தெரிவதில்லை. டிஜிட்டலாக வாங்கிய கேம், இன்டர்நெட் இல்லாத இடத்தில் பூட்டுச் சின்னத்தோடு திறக்காமல் நிற்கலாம். கேமை வாங்கிய கணக்கு அந்தக் கன்சோலில் முதன்மைக் கணக்காகப் பதிவாகியிருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-ல் ஆஃப்லைன் பிளே என்று ஒரு தேர்வு உண்டு, அதை ஆன் செய்ய வேண்டும். சரிபார்க்கச் சுலபமான வழி: வீட்டிலேயே வைஃபையை அணைத்து, கன்சோலை முழுதாக ஆஃப் செய்து, மறுபடி போட்டு கேமைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதோடு, தனிக்காசு கொடுத்து வாங்கும் கதாபாத்திரங்கள் எந்தக் கன்சோலில் இருக்கின்றன, எதில் இல்லை என்பதையும் குறித்து வையுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் அகுமாவையே பழகி வந்தவரை அகுமா இல்லாத கன்சோல் முன்னால் உட்கார வைக்கக்கூடாது.

5. டிவியை 'கேம் மோட்'டுக்கு மாற்றுங்கள். படத்தை மெருகேற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. இந்த கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது 16.67 மில்லி செகண்ட். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் டிரைவ் இம்பாக்ட் என்கிற பெரிய அடி தொடங்கி நம்மீது விழ 26 ஃபிரேம் ஆகும். கண்ணால் பார்த்துக் கை அசைய சாதாரணமாக ஒருவருக்கு 15 ஃபிரேம் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், யோசிக்க மிச்சம் 11 ஃபிரேம். பெரிய ஹால் டிவி ஒன்று படத்தை 100 மில்லி செகண்ட் தாமதமாகக் காட்டினால் அதில் 6 ஃபிரேம் போய்விடும். வருஷக்கணக்கில் பழகிய ஒருவர், தான் மந்தமாகிவிட்டதாக நினைத்து மனம் நொந்து போவார். தவறு டிவியுடையது.

6. டிவியின் தாமதத்தை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரில் ஒரே கன்சோலின் படத்தை இரண்டு டிவிக்கும் கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒருவரைக் குத்துப் பட்டனை அழுத்தச் சொல்லி, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். 240 ஃபிரேமில் எடுத்தால் வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 4 மில்லி செகண்ட். எந்தத் திரையில் கை முதலில் நீளுகிறது, அடுத்ததில் எத்தனை ஃபிரேம் கழித்து நீளுகிறது என்று விரலால் நகர்த்தி எண்ணிவிடலாம். இருக்கும் டிவிகளை இப்படி வரிசைப்படுத்தி, வேகமானவற்றைப் போட்டிக்கும் மந்தமானதை நட்பு ஆட்டத்துக்கும் ஒதுக்குங்கள். பெரிய திரைதான் வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டாலும் 24 அங்குல கம்ப்யூட்டர் மானிட்டரே மேல்.

7. இருவரும் ஒரே திரையைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள், தாமதம் இருவருக்கும் பொதுதானே என்று சிலர் வாதிடுவார்கள். பாதிதான் சரி. எதிராளி அடிக்க வருவதைப் பார்த்துத் தடுத்து ஆடுபவருக்கு மந்தமான டிவி பாதகம். கண்மூடித்தனமாக ஏறி அடிப்பவருக்கு அது சாதகம். எனவே இருவரில் ஒருவர் டிவியை மாற்றக் கேட்டாலும் மாற்றிக் கொடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் கேட்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

8. பரணில் கிடக்கும் பழைய குண்டு டிவியைக் குறைவாக எண்ண வேண்டாம். 2001-ல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ கேமை ஆடுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் இந்தப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துச் சுமந்து வருகிறார்கள். பழைய டிவி படத்தை வாங்கியவுடன் அப்படியே காட்டிவிடும், தாமதம் என்பதே இல்லை. பிளேஸ்டேஷன் 2-ல் டெக்கன் 5 வைத்து ஒரு போட்டி நடத்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரும் இந்த டிவியும் போதும். தூக்கும்போது கண்ணாடிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள், எடை முழுக்க அங்கேதான் இருக்கும். படம் ஆடுகிறது என்று பின்மூடியைக் கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

9. கன்ட்ரோலரைக் கன்சோல் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். போன் சார்ஜருடன் வரும் மலிவான யுஎஸ்பி கேபிள்கள் சிலவற்றில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. கன்ட்ரோலரில் விளக்கு எரியும், கேமில் ஒன்றும் நடக்காது. வீட்டிலேயே ஒவ்வொரு கேபிளையும் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டி, ஒரு போட்டோவை நகர்த்திப் பாருங்கள். நகர்ந்தால் டேட்டா கேபிள். அதன் நுனியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டால் அன்றைக்குத் தேட வேண்டாம்.

10. இரவல் கன்ட்ரோலர் நல்லதா என்று பார்க்க, பிராக்டிஸ் மோடில் போய் பட்டன் அழுத்தங்களைத் திரையில் காட்டும் வசதியை ஆன் செய்யுங்கள். கன்ட்ரோலரை மேஜை மேல் வைத்துவிட்டு ஒரு நிமிடம் தொடாமல் இருங்கள். யாரும் தொடாமலேயே அம்புக்குறிகள் ஓரமாக ஓட ஆரம்பித்தால் அதன் அனலாக் குமிழ் தேய்ந்துவிட்டது. அதைப் போட்டியில் பயன்படுத்த வேண்டாம். பிறகு ஒவ்வொரு பட்டனையும் பத்து முறை அழுத்தி, பத்தும் பதிவாகிறதா என்று எண்ணுங்கள். ஒட்டிக்கொள்ளும் பட்டனுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சி போதும். கன்ட்ரோலரை அணைத்துவிட்டுத் துடையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

11. வயர்லெஸ் கன்ட்ரோலர்கள்தான் இந்தப் போட்டிகளில் அதிகம் சண்டை மூட்டிவிடுபவை. ஒருவர் ஆடி முடித்துத் தன் கன்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். அது இன்னும் இந்தக் கன்சோலோடு புளூடூத்தில் சேர்ந்தே இருக்கிறது. அரை மணி கழித்துப் பைக்குள் நடுப்பட்டன் அழுந்தும்போது, இங்கே வேறு இருவர் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டம் நின்று மெனு திறந்துகொள்ளும். கடைசி ரவுண்டில், கடைசி அடி விழப் போகும் நேரத்தில் இது நடந்தால் யாரால் சமாதானம் சொல்ல முடியும்? எனவே எல்லோரும் கேபிளில்தான் ஆட வேண்டும் என்று விதி வையுங்கள். செட்டிங்ஸில் கன்ட்ரோலரின் தொடர்பு முறையை யுஎஸ்பி கேபிளுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் முன் புளூடூத் பட்டியலைத் திறந்து, அங்கே ஆடப் போகும் இருவருடையதைத் தவிர மற்ற கன்ட்ரோலர்களை நீக்கிவிடுங்கள். இதற்கென்றே பொறுமையான ஒருவரை நியமிப்பது நல்லது. நடுவில் ஆட்டத்தை நிறுத்தும் பாஸ் பட்டனைத் தெரியாமல் அழுத்தினால் அந்த ரவுண்ட் எதிராளிக்கு என்பது பரவலான விதி. அதைத் தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லிவிடுங்கள்.

12. ஒரு போர்டில் எவ்வளவு தாங்கும் என்று கூட்டிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்கும், 24 அங்குல மானிட்டர் 30 வாட். நாலு செட்டப் சேர்ந்தாலும் 1000 வாட்டுக்குள் நிற்கும். சாதாரண 6 ஆம்ப் பிளக் பாயின்ட் 1380 வாட் வரை தாங்கும். ஆபத்து வேறு இடத்திலிருந்து வரும். யாராவது டீ போட 1500 வாட் கெட்டிலை அதே ஜங்ஷன் பாக்ஸில் சொருகினால் அத்தனை மேஜையும் ஒரே நொடியில் இருட்டாகும். கெட்டிலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அந்த அறையில் இடமே கொடுக்காதீர்கள். ஜங்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு ஜங்ஷன் பாக்ஸைச் சொருக வேண்டாம். சுருட்டிய வயரை முழுதாக விரித்துப் போடுங்கள், சுருளாகவே விட்டால் சூடேறும்.

13. நடைபாதையில் வயர் குறுக்கே போனால் துணி டேப் போட்டு முழு நீளத்துக்கும் தரையோடு ஒட்டுங்கள். பழுப்பு பார்சல் டேப் கோந்தை விட்டுவிட்டு வரும், ஹால்காரர் அடுத்த முறை இடம் தர மாட்டார்.

14. இன்வெர்ட்டரை நம்புவதாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். அடுத்து, பின்பக்கம் 'யுபிஎஸ்' என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், மாறும் நேரம் குறைந்து கன்சோல் ஆஃப் ஆகாமல் தப்பிக்கும். நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் பேட்டரி, ஃபேன் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் இரண்டு செட்டப்பைச் சுமார் இரண்டு மணி நேரம் தாங்கலாம். கரண்ட் போனதும் மற்ற மேஜைகளை உடனே நிறுத்துங்கள். திரும்பி வந்தவுடன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாமல், வோல்டேஜ் நிலையாகும் வரை ஐந்து நிமிடம் பொறுங்கள்.

15. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் என்ன என்பதை, போவதற்கு முன்பே முடிவு செய்து சொல்லிவிட வேண்டும். என் சிபாரிசு: முடிந்த கேம்கள் செல்லும். பாதியில் நின்ற கேமை அதே கதாபாத்திரங்களோடு முதலிலிருந்து ஆட வேண்டும். ஒவ்வொரு கேம் முடிந்ததும் மேஜையில் இருக்கும் துண்டுச் சீட்டில் இருவரும் ஸ்கோரைக் குறிக்கட்டும். இருட்டில் ஞாபகத்தை வைத்து வாதாடினால் நட்பு கெடும்.

16. கன்சோலைத் துணி விரித்த மேஜையிலோ மற்றொரு கன்சோல் மேலோ வைக்க வேண்டாம். பிளேஸ்டேஷன் 5-க்குச் சொல்லப்பட்டிருக்கும் வெப்ப வரம்பு 35 டிகிரி. சித்திரை வெயிலில் மொட்டை மாடிப் பந்தலில் அதைத் தாண்டிவிடும். அந்த மாதங்களில் மாலை ஐந்துக்கு மேல் ஆரம்பியுங்கள்.

17. யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற பட்டியலுக்குச் சலாஞ்ச் (Challonge), ஸ்டார்ட் ஜிஜி போன்ற தளங்கள் வசதிதான். இருந்தாலும் ஒரு சார்ட் பேப்பரிலும் கையால் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நெட் போனாலும் போன் சார்ஜ் தீர்ந்தாலும் போட்டி நிற்காது. அதோடு, கூட்டமாக நின்று அதைப் பார்ப்பதிலேயே ஒரு உற்சாகம் இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து ஒன்றாக வந்தவர்களை முதல் சுற்றிலேயே மோதவிடாமல் பட்டியலின் வெவ்வேறு பக்கத்தில் போடுங்கள்.

18. ஒரு செட்டப் போய்விட்டது, நேரமும் இல்லை. இப்போது எதைக் குறைப்பது? பலர் ஒரு தோல்வியோடு வெளியே என்று மாற்றிவிடுவார்கள். 30 செட் 15 ஆகிவிடும் என்பது உண்மை. ஆனால் அதில் பாதிப்பேர், அதாவது 8 பேர், ஒரே ஒரு செட் ஆடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இரண்டு பஸ் மாறி வந்த ஒருவரைப் பத்து நிமிடத்தில் அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. வாய்ப்புகளைக் குறைக்காமல் ஆட்டத்தின் நீளத்தைக் குறையுங்கள். ஒருமுறை தோற்றவர்கள் தங்களுக்குள் ஆடும் பக்கத்தின் ஆரம்பச் சுற்றுகளை ஒரே கேமாக ஆக்கலாம். இறுதி ஆட்டத்தை ஐந்து கேமாக வைத்திருந்தால் மூன்றாக்கலாம். அப்படியும் முடியாது என்றால் நான்கு நான்கு பேராகப் பிரித்து ஒரே கேமாக எல்லோரும் எல்லோரோடும் ஆடட்டும். ஒரு குழுவுக்கு 6 ஆட்டம், ஒவ்வொருவருக்கும் நிச்சயமாக 3 ஆட்டம் கிடைக்கும்.

19. போட்டிக்குப் பயன்படாத மந்தமான டிவியையும் பழைய கன்ட்ரோலரையும் ஒரு மூலையில் நட்பு ஆட்டத்துக்குப் போட்டு வையுங்கள். சீக்கிரம் தோற்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்த பையன்களும் அங்கேதான் கற்றுக்கொள்வார்கள். 2019-ல் ஒரே ஆண்டில் ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகாஸ் ஈவோவையும் டெக்கன் 7-ல் வென்ற அர்ஸ்லான் ஆஷ் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்தவர். உள்ளூர் கேம் கடைகளில் ஒருவரோடு ஒருவர் மோதி வளர்ந்த கூட்டத்திலிருந்து வந்தவர் அவர். அதுவரை ஜப்பானையும் கொரியாவையுமே பார்த்துக்கொண்டிருந்த டெக்கன் உலகம் அதன் பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பியது. மூலையில் இருக்கும் அந்த செட்டப்புக்கும் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள்.

20. சத்தத்தை மறக்க வேண்டாம். அடி விழும் ஒலியை வைத்தே பலர் நேரம் பார்க்கிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் பார்வையற்றவர்கள் எதிராளியின் தூரத்தையும் அடியின் உயரத்தையும் காதாலேயே அறிய வசதி இருக்கிறது. அப்படி ஒருவர் வந்தால், அவருடைய ஆட்டத்துக்குச் சுவரோர மேஜையும் நல்ல ஹெட்போனும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். பக்கத்து டிவியை அந்த நேரத்துக்கு மியூட் செய்யுங்கள்.

21. உபகரணம் பற்றாக்குறை என்றால் முதலில் கைவிட வேண்டியது நேரடி ஒளிபரப்பு. நடுவில் மாட்டும் கேப்ச்சர் பெட்டி, கூடுதல் வயர், லேப்டாப் என்று ஒவ்வொன்றும் படம் அறுந்து போக இன்னொரு வாய்ப்பு. இறுதி ஆட்டத்தை மட்டும் போனை ஸ்டாண்டில் வைத்துப் படம் பிடித்தால் போதும்.

22. ஒரு பிஸ்கட் டின்னில் இவற்றை எப்போதும் தயாராக வைத்திருங்கள்: எச்டிஎம்ஐ கேபிள் இரண்டு, பொட்டு வைத்த டேட்டா கேபிள் மூன்று, டெஸ்டர், டார்ச், துணி டேப், மார்க்கர், பஞ்சுக் குச்சி, கைக்குட்டை. கூடவே எட்டு வடிவ ஓட்டை உள்ள பவர் கார்டு ஒன்று. பழைய டேப் ரெக்கார்டருக்கு வருமே, அதே வகைதான் பிளேஸ்டேஷன் 5-க்கும். கன்சோலைப் பத்திரமாகக் கொண்டு வந்து கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர் எந்தப் போட்டியிலும் ஒருவராவது இருப்பார். பழைய கார்டு மெல்லியதாகவோ வெடித்தோ இருந்தால் மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

23. வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளிலும், கேபிள் உட்பட, பேப்பர் டேப் ஒட்டிச் சொந்தக்காரர் பெயரை எழுதுங்கள். கன்சோலில் அவருடைய கணக்குக்கு பாஸ்கோடு போடச் சொல்லுங்கள், வாங்கும் வசதியையும் பூட்டிவிடட்டும். கட்டணத் தொகை முழுவதையும் பரிசாகப் பிரித்துக் கொடுக்காமல், ஒரு பங்கைப் பழுது நிதியாகத் தனியே வையுங்கள். இரவல் கொடுத்தவரின் கன்ட்ரோலர் கெட்டால் அன்றே அந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். பொருட்களைத் திரும்பத் தரும்போது நோட்டில் உள்ள பட்டியலைப் பார்த்து, சொந்தக்காரர் முன்னாலேயே ஒருமுறை ஆன் செய்து காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பரிசளிப்பு முடிந்ததும் கிளம்பிவிடாமல் இரண்டு பேராவது இதற்காக நிற்கட்டும்.